அம்மா நேர்ந்த நீலம்

நாலு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை நீலத்தையும் வெள்ளையையும் தவிர வேறு நிறத்தில் நான் ஒரு துணி உடுத்தியதில்லை. உள்பாவாடையிலிருந்து தலையில் கட்டும் நாடா வரைக்கும் இந்த இரண்டே நிறம்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பட்டவளுக்குத்தானே தெரியும்.

எனக்கு நாலு வயதில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. எங்கள் தீவின் துறைமுகப் பட்டணமான போர்ட் லூயிஸில் அப்போது காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. மற்ற பிள்ளைகளுக்கு வந்து போனது, எனக்கு வந்தது போகிற வழியாக இல்லை. அப்பா துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிறவர். துறைமுகம் வேலைநிறுத்தத்தில் கிடந்த நேரம் அது, போலீஸ் தெருவில் நிற்கிறது, அப்பா வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா கோவிலுக்குப் போய் நீலமும் வெள்ளையும் உடுத்தி நிற்கிற மாதாவின் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். பிள்ளையைப் பிழைக்க வை, ஏழு வயது ஆகிறவரைக்கும் உன் நிறத்தைத் தவிர வேறு நிறம் அவள் உடம்பில் படாது என்று.

இது அம்மா புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. பிரெஞ்சு துரைமார் வீடுகளில் சீக்காளிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்வார்கள். அந்த வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவள் அம்மா, அதனால் பார்த்திருக்கிறாள். அங்கே பிள்ளைக்கு ஏழு வயதானால் ஒரு பூசை வைப்பார்கள், துணியை மாற்றுவார்கள், அத்தோடு மறந்தும்போவார்கள். அம்மா அப்படி மறக்கிற ஆள் இல்லை. அவள் செமின் கிரனியே ஊர்ப் பக்கத்தில் ஓர் இந்து வீட்டில் பிறந்தவள், அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். சாமியை மாற்றினாளே ஒழிய, சாமியோடு வைத்துக்கொண்ட கொடுக்கல்வாங்கலை மாற்றவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டுக் கொடுக்காமல் போனால் என்ன நடக்கும் என்று சின்ன வயதில் அவளுக்குள் இறங்கிய பயம், அப்படியே எழுந்து வந்து மாதாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் நாங்கள் பேசியது தீவு பாஷையான க்ரியோல், செபமாலை சொன்னது பிரெஞ்சில், நேர்ந்துகொள்வது மட்டும் தமிழில். அம்மா அந்த பாஷையில் முணுமுணுக்க ஆரம்பித்தால் என் தலையில் என்ன விழப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏழு வயது ஆனதும் மஞ்சளில் ஒரு கவுன் தைத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அந்த வருஷம் பார்த்து அப்பா யுத்தத்துக்குப் போனார். துப்பாக்கி தூக்க இல்லை, எகிப்துப் பக்கத்தில் பட்டாளத்துக்கு மூட்டை இறக்கவும் சாலை போடவும் இந்தத் தீவிலிருந்து ஆள் எடுத்தார்கள். கப்பல் கிளம்பியதும் அம்மா நேராகக் கோவிலுக்குப் போனாள். அவர் உயிரோடு திரும்புகிறவரைக்கும் பெண் உன் நிறத்திலேயே இருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் மஞ்சள் கவுனைப் பற்றிக் கேட்டதற்கு, உனக்குக் கவுன் வேணுமா அப்பா வேணுமா என்றாள். இதற்கு ஒரு பிள்ளை என்ன பதில் சொல்லும், சொல்லுங்கள்.

அப்பா உயிரோடு வந்தார். கூடவே ரம்மும் வந்தது. போகும்போது பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்த மனிதர், வரும்போது சாயங்காலம் ஆனால் கை நடுங்குகிற ஆளாக வந்தார். அம்மா மூன்றாவது தடவை கோவிலுக்குப் போனாள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் இருந்தேன், என் தோளைப் பிடித்துப் பீடத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்திக்கொண்டுதான் நேர்ந்தாள். அவர் குடியை விடும்வரைக்கும் இவள் உன்னுடையவள், உன் நிறத்தைத்தான் உடுத்துவாள், அதுவரைக்கும் இவளை எவனுக்கும் கட்டிக் கொடுக்கமாட்டேன். வெளியே வந்ததும் என்னிடம், அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள். சொல்லிவிட்டால் அது நேர்ச்சை இல்லையாம், மிரட்டலாம்.

அப்புறம் என்ன, அவர் குடித்தார், நான் உடுத்தினேன்.

அவர் கெட்ட குடிகாரராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வயிறார வெறுத்திருப்பேன். அவரோ குடித்தால் பாட்டுப் பாடுகிறவர், சட்டைப் பையில் லிச்சிப் பழம் கொண்டுவந்து என் மடியில் கொட்டுகிறவர். சந்துமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டாலே போச்சு, இன்னும் ஒரு நாள் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் வந்து, என் கண்ணு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கு என்று கேட்பார். நான் தட்டை எடுத்து வைப்பேன்.

கோவிலில் எல்லாருக்கும் நான் நல்ல பெண். ஆகஸ்டு மாதா திருநாள் பவனியில் கொடிக்கு அடுத்தபடி என்னைத்தான் நிறுத்துவார்கள், தனியாக உடுப்பு தைக்கவேண்டியதில்லையே. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் எனக்குச் சிலை என்று பேர் வைத்தார்கள். சிலை வருது, மெழுகுவர்த்தி கொண்டா என்பார்கள். ஒருத்தியின் சடையைப் பிடித்து நன்றாக ஆட்டியிருக்கிறேன். அதற்கும் அம்மாதான் மாதாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

படிப்பை நிறுத்திய பிறகு அம்மாவோடு சேர்ந்து இஸ்திரி போட்டேன். எத்தனை வீட்டுத் துரைசானிகளின் உடுப்புகள் என் கை வழியாகப் போயின! கிளிப்பச்சை, பவழம், மாம்பழ நிறம். ஒரு நாள் ரோஜா நிறத்தில் ஒரு கவுன் வந்தது. அதை எடுத்து என் தோள்மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா வந்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதே இடத்தில், சூடான இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தெரியாமல் செய்துவிட்டாள் தாயே, பொறுத்துக்கொள் என்றாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை. அவள் எனக்காக அழுகிற அழுகைக்கு நான் எங்கே போய் ஒளிவது?

எங்களுக்குத் துணி வாங்கும் கடை ராணித் தெருவில் இருந்தது. அங்கே புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருந்தார், புதுச்சேரிக்காரர், நம்மைப் போலவே மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். நான் போய் நீலம் கேட்பேன், வெள்ளை கேட்பேன், அவர் வெட்டித் தருவார். மூன்றாவது நாலாவது தடவை போனபோது கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே சுத்தமான தமிழில் கேட்டார், கடலையும் மேகத்தையும் தவிர இந்த ஊரில் நீங்கள் வேறு எதையும் பார்த்ததில்லையா என்று. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். தெரிந்த அரைகுறைத் தமிழில், துணி விற்க வந்தீர்களா வம்பு கேட்க வந்தீர்களா என்று கேட்டுவிட்டு, மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் அந்தச் சில்லறையை மடித்துக் காகிதத்தில் வைத்திருந்து கொடுத்தார். அதோடு சேர்த்து ஓர் ஓரத்தில் வெட்டிய சிவப்புத் துண்டு, உள்ளங்கை அகலம். நீங்கள் உடுத்தவேண்டாம், சும்மா பாருங்கள் என்றார். இப்போது இந்தத் தமிழில் எழுதுகிறேனே, இது அவரோடு பேசியும் சண்டை போட்டும் பழகிய தமிழ்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா தேநீர் கொடுத்து உபசரித்து, பெண் மாதாவுக்கு நேர்ந்தவள், கொடுப்பதற்கில்லை என்றாள். மடத்தில் சேரப்போகிறாளா என்று முதலாளி கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் எதுவரைக்கும் என்று கேட்டார். அம்மா கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள். வாசல்வரை வழியனுப்பப் போன என்னிடம் புதுச்சேரிக்காரர் ரொம்பப் பெருந்தன்மையாக ஒன்று சொன்னார். எனக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை, கல்யாணத்துக்கு அப்புறமும் நீலமே உடுத்திக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். அந்த நிமிஷம் அவரைத் தெருவில் தள்ளலாம்போல இருந்தது. உங்களுக்குப் பொருட்டில்லை, எனக்குப் பொருட்டு என்றேன். மனுஷன் விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போனார். ஆனால் திரும்ப வந்தார், அதைச் சொல்லியாகவேண்டும்.

இனி பொறுப்பதில்லை என்று அம்மாவை இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். வெள்ளைக்காரர், வயதானவர், தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் க்ரியோலில் நானே சொன்னேன். அவர் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேர்ச்சை நேர்ந்தவரைத்தான் கட்டும், இன்னொருவர் தலையில் கட்ட முடியாது, மகள் சுதந்திரமானவள், அம்மாவுக்கு மனசு கேட்காவிட்டால் ஒரு மாதம் செபமாலை கூடுதலாகச் சொல்லட்டும் என்றார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா? ஒரு வாளித் தண்ணீர் தீர்வதற்குள் தீர்கிற காரியத்துக்கா இத்தனை வருஷம்?

தெருமுனை திரும்பியதும் அம்மா நின்றாள். "சாமியார் விட்டுட்டார். மாதா விட்டாளா?" என்றாள்.

அவ்வளவுதான், மேற்கொண்டு நடந்தாள். சாமியார் பேச்சை மீறி ஒருத்தி மாதாவைக் கும்பிடுகிறாள் என்றால், அவளிடம் இனி யாரைக் கூட்டிப் போய் நிறுத்துவது? சாமியாருக்கும் மேலான மேற்றிராணியாரையா?

அன்றைக்கு அப்பா பொழுது இருக்கும்போதே வந்துவிட்டார், லேசான போதையில். சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லச் சிலுவை போட்டோம். பிதா சுதன் என்று அவர் ஆரம்பித்ததும் என் வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் கிளாஸுக்கு நான் பிணை, நீங்கள் குடிக்கிற ஒவ்வொரு வாயும் என் முதுகில் ஏறுகிறது, எனக்குக் கல்யாணம் வேண்டும், சிவப்பில் ஒரு துணி வேண்டும் என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அப்பா கையைச் சிலுவை போட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் உடுப்பை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார், முதல் தடவை பார்க்கிறவர்போல. உனக்குப் பிடிச்ச நிறம்னுல்ல நெனச்சிட்டிருந்தேன் என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சாமியாரிடம் போய்க் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நோன்பிருக்கும் தபசு காலம் முழுக்கத் தொடவில்லை. உயிர்த்த திருநாள் போனது, மழை விட்டு எங்கள் தீவின் ஜூன் மாதக் குளிர் வந்தது, அப்பா சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்து வெறும் தேநீரைக் குடித்துவிட்டுக் கையை மடிக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு நின்றுபோய்விட்டது. எலும்பாகப் போனார். அம்மா இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளினாள். கடைசியில் மாதா திருநாளுக்கு மறு மாதம் கல்யாணம் என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பில் வியர்வை வாடையும் சர்க்கரை வாடையும் மட்டும் இருந்தன.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சந்துமுனையில் பாட்டுக் கேட்டது.

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவினாள், துடைத்தாள், கல்யாணத்தை நிறுத்திவிடு என்று என்னிடம் சொன்னாள். சத்தமே போடவில்லை. சொல்லித் தவறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றாள். நான் நிறுத்தமாட்டேன் என்றேன். உங்கப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்றாள். நிறுத்தமாட்டேன் என்றேன். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வர அவருக்கு வெட்கம். அங்கிருந்தபடியே, "நீ போ கண்ணு. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

போனேன். கல்யாண உடுப்பு வெள்ளைதான், அதில் அம்மாவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குச் சிவப்பு உடுத்தினேன், சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட சிவப்பு, என் வீட்டுக்காரரே கடையில் எடுத்து வைத்திருந்தது. கோவில் வாசலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனால் எவ்வளவு சந்தோஷம்! அப்பா கிட்டே வந்து உடுப்பின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்பத்தான் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே என்றார். அம்மா என்னைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். சர்க்கரைப் படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் மூட்டையோடு வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று வந்து சொன்னார்கள். மத்தியானம் குடித்திருந்தார் என்றும் சொன்னார்கள். மழை பெய்து பலகை ஊறிப்போயிருந்தது என்றும் சொன்னார்கள். நான் சிவப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடுத்தினேன். எங்களவர்களில் தகப்பனுக்கு ஒரு வருஷம் கறுப்பு.

கல்லறையில் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனால் பேசுவாள், தேநீர் போடுவாள், மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்பாள். ஒரு வாய்ச் சோறு வைத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்போம். அவள் அந்த வழியையே அடைத்துவிட்டாள்.

புது வருஷத்துக் காலை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்குப் பிள்ளைகள் பெற்றவர்கள் முன்னால் முழங்காலிட்டுப் போன வருஷத்துத் தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார்கள். கல்யாணம் ஆனவர்கள் ஜோடியாகப் போவார்கள். நாங்களும் போனோம். அம்மா அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் மாப்பிள்ளையை ஆசீர்வதித்தாள். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, கையை என் தலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் உன்னை மன்னிச்சிட்டேன். மாதாவும் மன்னிப்பா."

இதைத் தமிழில் சொன்னாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் காது மடலெல்லாம் கொதித்தது. எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அந்த நாளில் யாரும் கேட்டதில்லை, முழங்காலிடுவோம், வாங்கிக்கொள்வோம், அவ்வளவுதான். உனக்கே தெரியும் என்றாள். எனக்குத் தெரியாது, நீ சொல்லு, வாயைத் திறந்து சொல்லு என்றேன். இவர் என் முழங்கையைப் பிடித்தார். உதறினேன்.

அம்மாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால், ஒரு சிவப்புத் துணிக்காக மாதா ஒரு மனுஷனைக் கொன்றாள் என்று அவள் சொல்லவேண்டும். அந்த அளவுக்கு மாதாவைப் பழிக்க அவளுக்கு நாக்கு வராது. பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ பண்ணலேன்னா, நேர்ந்தவ நான்தானே. அப்ப அவரைக் கொன்னது நான்தானே. இதை நான் யார் தலையிலடி வைப்பேன்?"

என்னிடம் பதில் இருந்தது. யாரும் கொல்லவில்லை அம்மா, ரம்மும் ஈரப் பலகையும்தான் என்ற பதில். சரியான பதில், சாமியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் எந்தச் சாமியார் சொன்ன எந்தச் சரியான பதிலை இவள் இதுவரைக்கும் வீட்டுக்குள் விட்டிருக்கிறாள்? அவள் கையிரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. அந்தக் கைகளில் அந்தப் பழியை வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனால், அடுத்த புது வருஷத்துக்கு அவள் இருக்கமாட்டாள். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

திரும்பவும் முழங்காலிட்டேன்.

"என் தலையிலேயே வை" என்றேன். "மன்னிச்சிட்டேன்னு இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அன்றைக்கு மத்தியானம், அப்பா போனதிலிருந்து முதல் தடவையாக, ஒரு தட்டுச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் பரிமாறினேன். அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த ஒவ்வொரு புது வருஷமும் நான் போய் முழங்காலிட்டேன், அவள் என்னை மன்னித்தாள். ஒரு வருஷமாவது எனக்கு வயிறு எரியாமல் இருந்ததா என்றால், இல்லை.